மலையிறங்கும் மகளும் தேங்காய் எண்ணெயும்

1

இந்த வருட ஆயுத பூஜையன்று நான் ஒரு மலையடிவாரத்தில், ஈரமான மரப் பெஞ்சில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே கம்பிவடத்தில் கூண்டுகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு மூன்று சைக்கிள்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பேர். முகத்தையே மூடும் ஹெல்மெட், முழங்காலுக்குக் கவசம், முதுகுக்குக் கவசம். ஏதோ சண்டைக்குப் போகிறவர்கள் மாதிரி மேலே போவார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு, சிரித்தபடி கீழே வந்து, மறுபடியும் வரிசையில் நிற்பார்கள். மாலை வரைக்கும் இதுதான் வேலை.

இதற்குப் பெயர் பைக் பார்க். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களைத் தூக்கிச் செல்லும் அதே கூண்டுகள், பனி இல்லாத மாதங்களில் சைக்கிள்களைத் தூக்கிச் செல்கின்றன. ஏறுவது மிஷின் பாடு, இறங்குவது மட்டும் மனிதர் பாடு. நாமக்கல்லில் இருக்கும் என் அண்ணன் குமரேசனுக்கு இதை ஒருமுறை போனில் விளக்கினேன்.

“ஏனம்முணி, மிதிக்கவே வேண்டாமா?” என்றார்.

“வேண்டாங்கண்ணா. மேல கொண்டுபோயி வுட்டுருவாங்க. எறங்கறது மட்டுந்தான்.”

“அதுக்கு எதுக்கு சைக்கிளு? உருண்டே வந்தர்லாமே?”

லாரிக்கு லோடு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

மேலே போயிருந்தது என் மகள் இனியா. பதினாறு வயது. நாங்கள் ஆஸ்திரியாவுக்கு வந்த மறு வருடம் இன்ஸ்ப்ரூக்கில் பிறந்தவள். என் கணவர் சிவாவின் குடும்பம் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பம். அவர் இங்கே மலையைக் குடைந்து பாதை போடும் வேலையில் இருக்கிறார். ‘ஊரில் கீழே துளை போட்டோம், இங்கே பக்கவாட்டில் போடுகிறேன்’ என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அன்றும் அவருக்கு ஷிப்ட். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. விடுமுறை என்று வந்தால் எனக்கு ஒரே ஓர் ஆசைதான், எங்காவது உட்கார வேண்டும். அந்த ஆசையைத்தான் ஈரப் பெஞ்சில் நிறைவேற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டுக்கு அவளை விடுவதற்கு நான் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தேன். ஒன்று, நானும் கூட வருவேன். இரண்டு, ஒவ்வொரு தடவை இறங்கியதும் எனக்குப் போனில் செய்தி அனுப்ப வேண்டும். இறங்குகிற பாதைகள் பல. எல்லாம் பெஞ்சுக்கு எதிரே வந்து முடிவதில்லை. சில பாதைகள் டிக்கெட் கூடத்துக்குப் பின்னால் முடிந்து அப்படியே கூண்டு வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அவள் ஒரு கட்டை விரல் படத்தை அனுப்புவாள். ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கட்டை விரலைப் பார்த்துப் பார்த்தே நான் இரண்டு கோடைகளை ஓட்டியிருக்கிறேன்.

2

இந்த நிபந்தனையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அது எங்கள் தெருவில் ஏற்கெனவே இருந்தது.

அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. அவரே முதலாளி, அவரே டிரைவர். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்புவார். திரும்பும் வழியில் தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். பாரத்தோடு இறங்கும்போது யாரோ பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுகிற மாதிரி இருக்கும் என்பார். இறக்கம் தொடங்குவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கி, டயர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். மறுபடி ஏறி உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்ப்பார். அதன் பிறகுதான் இறக்கத்தில் விடுவார். ஓமலூர் வந்ததும் போன் பூத்தில் நிறுத்தி வீட்டுக்குப் பேசுவார்.

“எறங்கீட்டேன்.”

அவ்வளவுதான் பேச்சு. சௌக்கியமா, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், ஒன்றும் கிடையாது. பூத்தில் மீட்டர் ஓடுமே.

அந்த ஒரு வார்த்தை வரும்வரை அம்மா சாப்பிட மாட்டார். விரதம், வேண்டுதல் என்று அதற்குப் பெயரெல்லாம் வைத்ததில்லை. கேட்டால் “பசிக்கல” என்பார். அண்ணனுக்கும் எனக்கும் போட்டுவிட்டு, கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பார். போன் மணி அடித்தால் தான் எடுக்க மாட்டார். அண்ணனை எடுக்கச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். வார்த்தை வந்த பிறகு, ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். எங்கள் தெருவில் லாரி வைத்திருந்த வீடுகள் நிறைய. எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். ஒருவர் மலையிறங்குவதற்கு இன்னொருவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? இறக்கமும் ஏற்றமும் இல்லாத வேலையில் இருப்பவராகப் பார்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்தேன். மலைக்குள்ளேயே வேலை செய்கிறவர் வாய்த்தார். வந்து சேர்ந்த ஊரோ, எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை.

அப்பா கடைசியில் தொப்பூரில் போகவில்லை. சர்க்கரை வியாதியில், கட்டிலில் போனார். அடுத்த இரண்டாம் வருடம் அம்மாவும் போனார். லாரிகள் அண்ணனிடம் பெருகின.

3

ஆயுத பூஜை என்றால் நாமக்கல்லில் வண்டிகளுக்குத்தான் தீபாவளி. கழுவி, துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நிற்கும் லாரிகளால் தெருவே அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் லாரிக்குப் பொட்டு வைப்பது என் வேலை. ஸ்டீரிங்குக்கு முன்னால் என்னை யாரும் உட்கார வைத்ததில்லை. பெண் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? ஆனால் வெளிப்புறம் முழுக்க எனக்குச் சொந்தம். சந்தனத்தைக் குழைத்து, பம்பரில், கதவில், சக்கரத்தின் நடுவட்டத்தில், எங்கெல்லாம் இடம் வட்டமாக இருக்கிறதோ அங்கெல்லாம் வைத்து, அதன் மேல் குங்குமம். மறுநாள் எண்ணெய்த் துணி கொண்டு எல்லாவற்றையும் துடைத்து எடுத்தால் இரும்பு மினுமினுவென்று இருக்கும். அப்பா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ற புள்ள கை பட்ட வண்டி” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை லாரியை வேண்டுமானாலும் துடைப்பேன்.

இங்கே வந்த பிறகும் நான் விடவில்லை. மிக்சிக்கு வைப்பேன், தையல் மிஷினுக்கு வைப்பேன், காருக்கு வைப்பேன். கார் நிற்பது அடுக்குமாடியின் நிலவறையில். ஒரு வருடம் அங்கே கற்பூரம் காட்டியதில் புகை எச்சரிக்கை மணி அடித்து, ஐந்து மாடிக்காரர்களும் குழந்தை குட்டிகளோடு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் கட்டட நிர்வாகத்திலிருந்து மிகவும் மரியாதையான ஓர் எச்சரிக்கை வந்தது. திறந்த நெருப்பு, பொதுப் பகுதி, பிரிவு இத்தனை என்று. அதன் பிறகு என் பூஜையில் நெருப்பு இல்லை. மலையிறங்கும் சைக்கிளுக்கு மட்டும் வைத்ததே இல்லை. இனியா விட மாட்டாள். அந்த சைக்கிளைக் கடைக்காரர்கூட அவளைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

வீட்டில் அவளும் நானும் பேசிக்கொள்வது குறைந்து வெகுநாள் ஆகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். என் ஜெர்மனில் பிழை வந்தால் திருத்துவாள். அவள் தமிழில் பிழை வந்தால் நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன், பேசுகிற கொஞ்சமும் நின்றுவிடக் கூடாதே என்று. அவள் மோசமான பிள்ளை இல்லை. ஒரே வீட்டில் வேறொரு மாடியில் குடியிருக்கிற மாதிரி இருக்கிறாள், அவ்வளவுதான். சிவாவிடம் சொன்னால் “இந்த வயசுல எல்லாம் அப்படித்தான்” என்பார். எந்த வயதில் மாறும் என்று அவர் சொல்லவில்லை.

பார்க்குக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள்தான் இந்த வருடம் பார்க் திறந்திருக்கும் கடைசி நாள். ஆயுத பூஜையும் அன்றுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. நிலவறைக்குப் போய், அவள் சைக்கிளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இரண்டு சக்கரத்தின் நடுவிலும் வட்டமாக ஒரு தகடு, ஓட்டை ஓட்டையாகப் பூ வேலை செய்த மாதிரி. பொட்டுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. வைத்தேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து உருட்டினேன். சைக்கிளுக்குக் கனம் போதவில்லை, பழம் நழுவி ஓடிவிட்டது. செருப்புக் காலால் மிதித்து நசுக்கினேன். கும்பிட்டேன். படம் எடுத்தேன். பிறகு, அவள் கண்ணில் பட்டால் வம்பு என்று, தேங்காய் எண்ணெய் நனைத்த துணியால் எல்லாப் பொட்டையும் துடைத்து எடுத்தேன். அந்த வட்டத் தகடுகளை மட்டும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன.

எனக்கு அன்று மிகவும் திருப்தியாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

4

காலையில் காரின் பின்புறம் சைக்கிளை மாட்டிக்கொண்டு போனோம். வழி முழுக்க அவள் காதில் பாட்டு. பார்க்கில் இறக்கி, தள்ளிக்கொண்டே போய் வரிசையில் நின்றாள். கூண்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினாள். நான் பெஞ்சுக்கு வந்தேன். டப்பாவில் தக்காளிச் சாதம், பொரித்த அப்பளம். முதல் கட்டை விரல் வந்ததும் ஒரு காப்பி குடிக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் மாலை போட்ட லாரிகள், பூசணிக்காய் உடைத்த சிவப்பு, யாரோ சிரிக்கும் சத்தம்.

“பூச முடிஞ்சுது அம்முணி. சமையலும் ஆச்சு, எல போடப் போறாங்க. உம்பட பூச ஆச்சா?”

“ஆச்சுங்கண்ணா, நேத்தே முடிச்சுட்டேன். இனியா சைக்கிளுக்கு வெச்சேன். போட்டோ அனுப்பறேன் பாருங்க.”

அனுப்பினேன். அண்ணன் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

“அந்த வட்டத் தகட்டுலயும் பொட்டு வெச்சிருக்கறயே.”

“ஆமாங்கண்ணா. தொடச்சுப்போட்டேன். அவளுக்குத் தெரியாது.”

“எதுல தொடச்ச?”

“தேங்கா எண்ணெயிலங்க.”

அவர் பின்பக்கம் திரும்பி யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

“ஏஞ்சாமி, அதுதான் பிரேக்கு. டிஸ்க் பிரேக்கு. நம்ம லாரிக்கு உள்ளார ட்ரம்முக்குள்ள இருக்குமல்ல, அது இதுக்கு வெளியிலயே இருக்குது. எண்ணெ பட்டா புடிக்காது. புள்ள எங்க இப்ப?”

நான் மலையைப் பார்த்தேன். கூண்டுகள் மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன.

5

போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இறங்கும்போது போனைப் பையின் அடியில் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். எனக்கே தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன்.

டிக்கெட் கூடத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், முழங்கால் வலிக்கு ஏற்ற ஓட்டம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். இந்த நாட்டில் குடியிருக்க நான் மொழித் தேர்வு எழுதியிருக்கிறேன். ஓட்டல் அறையில் துண்டு இல்லையென்றால் எப்படிப் புகார் செய்வது, பக்கத்து வீட்டுக்காரரைப் பிறந்தநாளுக்கு எப்படி அழைப்பது, எல்லாம் படித்துத் தேறியவள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது ஒரு முழு வாக்கியம் வரவில்லை. பெண், மகள், பிரேக், எண்ணெய், தேங்காய் என்று தனித்தனியாக விழுந்தன.

“தேங்காயா?” என்றாள் அவள்.

மறுபடி சொன்னேன். இந்த முறை அழுகையும் சேர்ந்துகொண்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ரேடியோவை எடுத்தாள்.

“எந்தப் பாதையில் இறங்குகிறாள்?”

எனக்குத் தெரியவில்லை. வாரம் தவறாமல் இனியா அந்தப் பாதைகளின் பெயர்களைச் சொல்லுவாள். இது வேர் நிறைந்தது, அது பாறை, இதில் மரப் பாலத்திலிருந்து குதிக்க வேண்டும் என்று. நான் கறி நறுக்கிக்கொண்டே ம், ம் என்பேன். ஒரு பெயரும் காதில் தங்கவில்லை. பச்சை ஹெல்மெட் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் ரேடியோவில் பேசிவிட்டு, ஆள் போகிறார்கள், நீங்கள் உட்காருங்கள் என்றாள். இந்த ஊர்க்காரர்களின் நிதானத்தை நான் பல முறை மெச்சியிருக்கிறேன். அன்று அந்த நிதானத்தின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்து பாதைகள் சேரும் இடத்தில் நின்றேன். சைக்கிள்கள் வந்தபடி இருந்தன. மஞ்சள் ஹெல்மெட், கறுப்பு, வெள்ளை. ஒவ்வொன்றும் புல்மேட்டின் விளிம்பில் தோன்றும்போது ஓர் அடி முன்னால் வைத்துப் பார்ப்பேன். அம்மாவிடம் அண்ணன் முகம் இருந்தது பார்த்துக்கொள்ள. எனக்கு அந்தப் புல்மேடுதான் இருந்தது. சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை. கும்பிட்டதால்தானே இந்த நிலைமை.

வேண்டாம், அந்த நேரத்தை இதற்கு மேல் எழுதவில்லை.

6

அவள் நடந்து வந்தாள். பாதையை விட்டு விலகி, ஓரப் புல்லில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பச்சை ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. ஒரு பக்கம் முழுக்கச் சேறு. சட்டையின் கை கிழிந்து முழங்கையில் சிராய்ப்பு. கூட வந்த பார்க் ஆள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நான் கட்டிப் பிடித்தேன். அவள் மரம் மாதிரி நின்றாள். “அம்மா, எல்லோரும் பார்க்கிறார்கள்” என்றாள் ஜெர்மனில்.

என்ன நடந்தது என்பதைத் துண்டு துண்டாகச் சொன்னாள். மேலே போனதும், இறங்குவதற்கு முன், சமதளத்தில் கொஞ்சம் உருட்டி இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பாளாம். எப்போதும் பார்ப்பாளாம். அன்று ஊளையிட்டிருக்கிறது. காலைப் பனியின் ஈரம், ஓட்டினால் காய்ந்துவிடும் என்று நினைத்து மெதுவாகவே விட்டிருக்கிறாள். முதல் வளைவிலேயே பிடிக்கவில்லை. சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்துப் புல்லில் விழுந்துவிட்டாள். ஒருமுறை அழுத்திப் பார்க்காமல் நேராக விட்டிருந்தால் அந்த வளைவுக்கு வந்த வேகமே வேறு.

“யாரோ சைக்கிளைத் தொட்டிருக்கிறார்கள்” என்றாள்.

“நாந்தான் கண்ணு.”

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, எலுமிச்சம்பழம், எண்ணெய்த் துணி, மாமா கூப்பிட்டது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிழிந்த சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டாள்.

“ஏன் என்னிடம் கேட்கவில்லை?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப.”

“ஆமாம். சொல்லியிருப்பேன்.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழுது பார்க்கும் கொட்டகைக்குப் போனாள். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன். இனி இந்தப் பிள்ளை தன்னுடைய எதையும் என் கையில் தர மாட்டாள் என்று தோன்றியது.

கொட்டகையில் இருந்தது ஓர் இளம் பெண். சக்கரத்தைக் கழற்றி, தகட்டைப் பிடிக்கும் கட்டைகளை எடுத்து மோந்து பார்த்தாள். “கடற்கரை வாசனை வருகிறதே” என்று சிரித்தாள். இந்தக் கட்டைகள் எண்ணெய் குடித்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும், தகட்டை ஸ்பிரிட் போட்டுக் கழுவினால் போதும் என்றாள். கழுவும்போது ஒரு திருகாணிக் குழிக்குள் சிவப்பாக எதையோ கண்டு விரல் நுனியால் தொட்டாள்.

“இது என்ன?”

நான் வாயைத் திறந்தேன். இனியா முந்திக்கொண்டாள்.

“குங்குமம். எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள் வண்டிகளுக்கெல்லாம் வைப்போம். என் தாத்தா லாரி வைத்திருந்தார். லாரிக்குப் பிரேக் உள்ளே இருக்கும், வெளியே என்ன தடவினாலும் ஒன்றும் ஆகாது. இதற்கு வெளியே இருக்கிறது. அதுதான் சிக்கல்.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ‘என் அம்மா தெரியாமல் செய்துவிட்டாள்’ என்று சொல்லியிருக்கலாம், அதுதானே உண்மை. சொல்லவில்லை. எட்டு வயதில் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் அவளைத் தூக்கி லாரியின் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தது நினைவுக்கு வந்தது. என்னை யாரும் உட்கார வைக்காத இடம். அன்று சக்கரத்தையும் பிரேக்கையும் அவர் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் மறந்திருப்பாள் என்றே நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இந்தச் சிவப்பையும் சுரண்டி எடுத்துவிடவா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

இனியா குனிந்து பார்த்தாள். “பிரேக்கில் படாது இல்லையா? இருக்கட்டும்” என்றாள்.

7

கொட்டகையில் வேலை முடிவதற்குள் மத்தியானம் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் மலையைக் காட்டி, இன்றோடு மூடுகிறார்கள், இனி அடுத்த கோடைதான் என்றாள். ஒரே ஒரு தடவை.

எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. அப்பா தொப்பூரில் இறங்கினார் என்றால் அதில் எங்கள் சோறு இருந்தது. அந்தக் கணவாயில் கூட்டாளி ஒருவரின் வண்டி கவிழ்ந்த மறு வாரமும் அதே வழியாகத்தான் வந்தார். அவருக்கு வேறு வழி இல்லை. இவளுக்கு யார் சொன்னது இறங்கச் சொல்லி? களைப்பாக இருந்தது. மறுப்பதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டுமே.

அவள் என் கையை எடுத்துக் கைப்பிடியின் பிரேக்கில் வைத்தாள்.

“அழுத்து” என்றாள், தமிழில்.

அழுத்தினேன். அவள் பின்னாலிருந்து முழு பலத்தையும் கொடுத்துச் சைக்கிளைத் தள்ளினாள். அசையவில்லை. அடுத்த கையையும் வைக்கச் சொன்னாள். அழுத்தினேன். சக்கரம் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

“புடிக்குதா?” என்றாள்.

“புடிக்குது.”

“இனிமே நீயே பாரு. ஏறதுக்கு முன்னால. எண்ணெ வேண்டாம்.”

‘போ’ என்று எங்கள் வீட்டில் யாரையும் சொல்லி அனுப்பிப் பழக்கமில்லை. “போயிட்டு வா சாமி” என்றேன். கூண்டில் ஏறினாள். கதவு மூடியது.

பெஞ்சுக்கு வந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். திறக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. பசிக்கவும் இல்லை. அம்மா பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பசிக்காது போலிருக்கிறது. வெயில் எதிர் மலை உச்சிக்கு ஏறியது. ஆட்கள் சைக்கிள்களைக் கார்களில் கட்ட ஆரம்பித்தார்கள். கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகக் கீழே வந்தன.

போன் அதிர்ந்தது. கட்டை விரல் இல்லை. ஆங்கில எழுத்துகளில் ஒரு தமிழ் வார்த்தை, எழுத்துக்கு எழுத்துப் பிழையோடு.

எறங்கீட்டேன்.

அந்த வார்த்தையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. என் அம்மாவின் கதையாக எப்போதோ சொல்லியிருக்கிறேன், அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு கார்ப் பயணத்தில். நான் அழுதேன். பக்கத்தில் சைக்கிள் கட்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று டப்பாவைத் திறந்து வைத்தேன். அப்போதுதான் அண்ணன் நினைவு வந்தது. அவள் பத்திரமாக நடந்து வந்துவிட்டதையும் மறுபடி மேலே போனதையும் ஒரு வரியில் அனுப்பிவிட்டு, அவரை மறந்தே போயிருந்தேன். அங்கே இந்நேரம் இருட்டியிருக்கும். இனியா அனுப்பிய வார்த்தையை அப்படியே அவருக்கு அனுப்பினேன்.

உடனே குரல் செய்தி வந்தது. பின்னால் லாரிச் சத்தம் இல்லை, சிரிப்புச் சத்தம் இல்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள் போல.

“செரி அம்முணி,” என்றார் அண்ணன். “எனக்கு இனித்தான் எல போடச் சொல்லோணும்.”